தலையீற்று ஆடு, பனி இரவு, எப்போது கை வைப்பது?

கந்தப்பளைத் தம்பி
ஜனவரி 3, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு நுவரெலியாப் பக்கம் கந்தப்பளைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடு). பின்பக்கம் கரட்டும் லீக்ஸும் போடுகிற துண்டு நிலம், அதன் ஓரத்தில் பரண் போட்ட கொட்டில், அதில் 4 ஆடுகள். இத்தனை வருடமும் அப்பாதான் பார்த்தார். நான் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் 6 வருடம் நின்றுவிட்டு, போன ஜூனில்தான் வீட்டுக்கு வந்தேன். தழை ஒடித்துப் போடுவேன், கொட்டிலைக் கூட்டுவேன், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

அப்பாவுக்கு இப்போது கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கண்டியில் அத்தை வீட்டில் இருக்கிறார். இந்த நேரம் பார்த்து எங்கள் கருப்பி நிறைசினை. ஜம்னாபாரி இனக் கலப்பு, தலையீற்று. கிடாயிடம் விட்ட நாளை அப்பா கலண்டரில் குறித்து வைத்திருக்கிறார், ஓகஸ்ட் 17. 150 நாள் கணக்குப்படி பொங்கலை ஒட்டி வருகிறது. வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கிறது. இரட்டைக் குட்டிதான் என்கிறார் பக்கத்துக் காம்பராப் பாட்டி.

2 வருடத்துக்கு முன், இதே தை மாதத்தில், எங்கள் ஆடு ஒன்று இராத்திரி முழுக்க முக்கி, விடியும்போது குட்டியும் இல்லை, தாயும் இல்லை. அப்பா அப்போது ஊரில் இல்லை. அம்மா அதை இன்றைக்கும் சொல்லிக் கண் கலங்குவார். இங்கே இப்போது பனி கொட்டுகிறது. காலையில் போய்ப் பார்த்தால் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது, தேயிலைக் கொழுந்து கருகி நிற்கிறது. மிருக வைத்தியர் அலுவலகம் பகலில்தான். நடு இரவில் ஆட்டோ கிடைப்பது கஷ்டம்.

எவ்வளவு நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாம்? எப்போது கை வைக்க வேண்டும்? கை வைத்தால் எதைப் பிடிப்பது? குட்டி குளிரில் விறைத்துவிட்டால் என்ன செய்வது? தங்கச்சி 5 மாதம் முழுகாமல் இருக்கிறாள், அவள்தான் கூட நின்று உதவுகிறேன் என்கிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ராகலைக்காரர்
ஜனவரி 3, இரவு 10.05

தம்பி, 150 நாள் கணக்கு சரி. ஆனால் கலண்டரை மட்டும் நம்பாதீர்கள். 145லேயே போடுகிற ஆடும் உண்டு, 155 வரை இழுக்கிற ஆடும் உண்டு. 9ஆம் திகதியிலிருந்தே இரவில் ஒரு தடவை எழும்பிப் பாருங்கள்.

எனக்குத் தெரிந்த நல்ல அடையாளம் வாலடி. வால் முளைக்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் பென்சில் பருமனில் இரண்டு நரம்பு விறைப்பாகத் தட்டுப்படும். இன்றைக்கே தொட்டுப் பழகிக்கொள்ளுங்கள், தினமும் தழை போடும்போது தொட்டுப் பாருங்கள். ஒரு நாள் அது இளகிப் போயிருக்கும். தேடினாலும் கையில் படாத அளவுக்கு இளகிவிட்டால், பெரும்பாலும் அடுத்த ஒரு நாளைக்குள் குட்டி. மடி இறுகி மினுமினுக்கும், பின்னால் கோழை கயிறு மாதிரி தொங்கும், மற்ற ஆடுகளை விட்டு ஒதுங்கும், காலால் தரையைப் பிறாண்டும், படுக்கும், எழும்பும், திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்க்கும். இதெல்லாம் பல மணி நேரம் நடக்கலாம். இது முக்கல் இல்லை, பதறாதீர்கள்.

தீனி விஷயம் ஒன்று. கடைசி ஒன்றரை மாதத்தில்தான் குட்டி கிடுகிடுவென்று வளரும். வயிற்றில் தீனிக்கு இடம் குறைந்துவிடும். அதனால் ஒரே நேரத்தில் குவிக்காமல், முள்முருங்கைத் தழையோடு கொஞ்சம் தவிடும் புண்ணாக்கும் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். இரட்டைக் குட்டி சுமக்கிற ஆடு திடீரென்று தீனியை வெறுத்து, மந்தமாகத் தலையைத் தொங்கப் போட்டால் அன்றைக்கே வைத்தியரைக் கூப்பிடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடவேண்டாம். மருந்தடித்த தோட்டத்துக் கரட் இலையையும் கோவா இலையையும் இப்போது கிட்டவும் காட்டாதீர்கள்.


பொகவந்தலாவை அக்கா
ஜனவரி 4, காலை 5.20

தம்பி, உங்கள் அம்மா அழுவதாக எழுதியிருந்தீர்களே, அதைப் படித்துவிட்டு நேற்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் 29 வருடம் கொழுந்து எடுத்தவள். இப்போது வேலையை விட்டுவிட்டேன், 11 ஆடு இருக்கிறது. ஆடு பார்க்க எனக்குச் சொல்லிக் கொடுத்தது எங்கள் அப்பாயி. அப்பாயி செத்த அடுத்த வருடம், முதல் முதலாக நான் தனியாக நின்ற இராத்திரியில், சின்னப்பொண்ணு என்கிற ஆடு முக்கத் தொடங்கியது. தண்ணிக்குடம் உடைந்தது. ஒரு குளம்பு வெளியே வந்தது, அதோடு மூக்கு நுனி. நான் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று நின்றேன். லயத்தில் எழும்பி வந்தவர்களும், “ஆடு தானாகப் போட்டுக்கொள்ளும், கை வைக்காதே” என்றார்கள். இரண்டு மணி நேரம். நாக்கு வீங்கி நீலமாக வெளியே தொங்கியதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. பொழுது விடிந்து, ஆடு வைத்திருந்த ஒரு தாத்தாவைக் கூட்டி வந்து குட்டியை எடுத்தபோது உயிர் இல்லை. நல்ல பெரிய கிடாக்குட்டி. மற்றக் கால் உள்ளே பின்னுக்கு மடிந்திருந்தது, அவ்வளவுதான் காரணம். ஒரு மணி நேரம் முந்தி என் கை உள்ளே போயிருந்தால் அது பிழைத்திருக்கும்.

அதற்குப் பிறகு நான் கடிகாரம் இல்லாமல் கொட்டிலுக்குப் போவதில்லை. ஆடு படுத்து, காலை நீட்டி, உடம்பையே இறுக்கி, சத்தம் போட்டு முக்குகிற நேரத்தைப் பாருங்கள். தண்ணிக்குடம் தெரிகிற நேரத்தையும் பாருங்கள். சுவரில் கரித்துண்டால் எழுதுங்கள். அந்த நேரத்தில் மனது சொல்லும் கணக்கு எதுவும் சரியாக இருக்காது. 5 நிமிடம் அரை மணியாகத் தெரியும், சில நேரம் ஒரு மணி 10 நிமிடமாகத் தெரியும். அப்படி உயிரைக் கொடுத்து முக்கியும் அரை மணி நேரத்தில் ஒன்றும் முன்னேறவில்லை என்றால் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே பாருங்கள். தலையீற்று என்றால் குட்டி வரும் வாசல் இறுக்கம், கொஞ்சம் கூட நேரம் எடுக்கும், அதனால் முக்கலுக்கு முக்கல் குளம்பு கொஞ்சமாவது முன்னுக்கு வருகிறதா என்று கவனியுங்கள். வந்துகொண்டிருந்தால் விடுங்கள். வந்த இடத்திலேயே நின்றால் காத்திருக்காதீர்கள். தலை வந்து கால் ஒன்றுமே தெரியவில்லை என்றாலோ, ஒரு கால் மட்டும் வந்தாலோ, வால் மட்டும் தெரிந்தாலோ அரை மணியும் பார்க்க வேண்டாம்.

ஒழுங்காக வருகிற குட்டி எப்படி வரும் என்று முதலில் மனதில் படம் போட்டுக்கொள்ளுங்கள். ஆற்றில் குதிக்கிற பையன் இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தலையைக் கைகளுக்கு நடுவில் வைத்துக்கொள்வானே, அந்த மாதிரி. இரண்டு முன்னங்குளம்பு, அதற்குச் சற்று மேலே மூக்கு. இப்படி வந்தால் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. தள்ளி நில்லுங்கள், ஆட்டுக்கு வெளிச்சமும் கூட்டமும் பிடிக்காது.

கை வைக்க வேண்டி வந்தால் நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், மோதிரம் கூடாது. முழங்கை வரை சவர்க்காரம் போட்டு சுடுதண்ணியில் கழுவுங்கள். ஆட்டின் பின்பக்கத்தையும் கழுவுங்கள். கை வழுக்க வேண்டும், அதற்கு சவர்க்கார நுரையையே தாராளமாகப் பூசிக்கொள்ளலாம், புதிதாகத் திறந்த தேங்காய் எண்ணெயும் சரி. விரல்களைக் குவித்து, மொட்டு மாதிரி வைத்து, ஆடு முக்காத நேரத்தில் மெதுவாக நுழையுங்கள். முக்கும்போது கை எங்கே இருக்கிறதோ அங்கேயே அசையாமல் நிற்க வேண்டும். அப்போது உங்கள் கையை எலும்போடு சேர்த்து நசுக்கும், வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்னப்பொண்ணு அடுத்த வருடமும் சினையானாள். அதே மாதிரி ஒரு காலும் மூக்கும் வந்து நின்றது. இந்தத் தடவை நான் நேரம் பார்த்திருந்தேன். உள்ளே சூடு, வெந்நீருக்குள் கை விட்ட மாதிரி. முதலில் மூக்கு, வாயில் விரல் வைத்தேன், சின்னச் சின்னப் பல், நாக்கு என் விரலைச் சப்பியது. உயிரோடு இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்குக் கை நடுக்கம் நின்றது. தலையில் உள்ளங்கையை வைத்து, முக்கல் ஓய்ந்த நேரத்தில் மெதுவாக உள்ளுக்குத் தள்ளினேன். இழுக்க வேண்டிய நேரத்தில் தள்ளுகிறோமே என்று இருக்கும். ஆனால் இடம் கிடைத்தால்தான் கால் திரும்பும். பிறகு கழுத்தைத் தடவி, தோளைப் பிடித்து, தோளிலிருந்து கீழே முட்டி வரை விரலை நகர்த்தினேன். முட்டியை மடக்கி மேலே தூக்கி, குளம்பை என் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு முன்னுக்குக் கொண்டுவந்தேன். குளம்பை மூடாமல் இழுத்தால் அதன் கூர் கருப்பையைக் கிழித்துவிடும், இதை மட்டும் மறக்காதீர்கள். இரண்டு காலும் சேர்ந்ததும் ஆடு முக்கும்போது மட்டும் இழுத்தேன். நேராகப் பின்னுக்கு இழுக்கக் கூடாது, ஆட்டின் பின்னங்கால் முட்டியைப் பார்த்துக் கீழ்நோக்கி வளைத்து இழுக்க வேண்டும். முக்கல் நின்றால் நானும் நிறுத்தினேன். தோள் வந்த பிறகு மற்றதெல்லாம் வழுக்கிக்கொண்டு மடியில் விழுந்தது.

குட்டி விழுந்ததும் மூக்கிலும் வாயிலும் உள்ள சவ்வைத் துடைத்துவிடுங்கள். மூச்சு வரவில்லை என்றால் மூக்குக்குள் ஒரு மானாப் புல்லை விட்டுக் குடையுங்கள், தும்மும். பழைய சாக்கால் விலாவைச் சுறுக்சுறுக்கென்று தேயுங்கள். தலைகீழாகப் பிடித்துச் சுழற்றுவார்கள் சிலர், அது வேண்டாம். அப்புறம் தாயின் மூக்குக்கு முன்னால் வைத்துவிடுங்கள். தாய் ஆடு அந்த நேரத்தில் ஒரு சத்தம் போடும், வாயைத் திறக்காமல், தொண்டைக்குள்ளேயே, குட்டியோடு மட்டும் பேசுகிற மாதிரி. மற்ற நாட்களில் அந்தச் சத்தத்தைக் கேட்பது அபூர்வம். அதைக் கேட்டால் அது குட்டியை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம்.

உங்கள் கொட்டில் பரண் என்றால் இப்போதே ஒரு மூலையைத் தயார் செய்யுங்கள். பலகை இடைவெளி வழியாகக் கீழே இருந்து வரும் காற்றுதான் குட்டியைக் கொல்லும். குட்டியின் கால் அந்த இடைவெளியில் மாட்டி உடையவும் கூடும். மட்டை, அதற்கு மேல் சாக்கு, அதற்கு மேல் நல்லாகக் காய்ந்த புல் என்று முழங்கால் உயரத்துக்குப் போடுங்கள். காற்று வரும் பக்கம் படங்குச் சாக்கைக் கட்டுங்கள். கொட்டிலுக்குள் நெருப்பு மூட்ட வேண்டாம், புகை குட்டிக்கு ஆகாது, புல்லும் பிடித்துக்கொள்ளும்.


கந்தப்பளைத் தம்பி
ஜனவரி 4, மதியம் 12.50

அக்கா, இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்றைக்கே மட்டை தேடி வைத்துவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம். இருட்டில், கையை உள்ளே விட்டால் அது முன்னங்காலா பின்னங்காலா என்று எப்படித் தெரியும்? இரட்டைக் குட்டியாக இருந்து, ஒன்றின் காலும் மற்றதன் காலும் சேர்ந்து கையில் வந்தால்?


பொகவந்தலாவை அக்கா
ஜனவரி 4, மாலை 6.15

அதைக் கொட்டிலில் நிற்கும் மற்ற ஆட்டிலேயே இன்றைக்குப் பழகலாம். கண்ணை மூடிக்கொண்டு குளம்பிலிருந்து மேலே தடவுங்கள். முன்னங்காலில் முதல் இரண்டு மூட்டும் ஒரே பக்கமாக மடங்கும். பின்னங்காலில் முதல் மூட்டு ஒரு பக்கம், அடுத்தது எதிர்ப் பக்கம். இரண்டாவது மூட்டில் பின்னுக்கு ஒரு முனை துருத்திக்கொண்டும் இருக்கும். 10 தடவை தடவினால் விரலுக்குப் பழகிவிடும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற குளம்பு என்றால் அடிப்பாதம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். பாதம் தரையைப் பார்த்தால் பெரும்பாலும் முன்னங்கால், வானத்தைப் பார்த்தால் பின்னங்கால். ஆனாலும் மூட்டைத் தொட்டு நிச்சயம் செய்துகொள்ளுங்கள்.

இரண்டு பின்னங்காலும் சேர்ந்து வந்தால் திருப்பப் பார்க்காதீர்கள். அப்படியே பிறக்கும். இடுப்பு வெளியே வந்த பிறகு மட்டும் தயங்காமல் தொடர்ந்து எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அந்த நேரம் தொப்புள்கொடி நசுங்கிவிடும், தலை இன்னும் தண்ணிக்குள் இருக்கும்.

இரட்டைக் குட்டிக்குக் கேட்டீர்களே, நல்ல கேள்வி. இரண்டு கால் கையில் கிடைத்தவுடன் இழுக்கக் கூடாது. ஒரு காலைப் பிடித்து அது முளைக்கிற தோள் வரை போங்கள், நெஞ்சைக் கடந்து மற்றத் தோளுக்குப் போய் அங்கிருந்து கீழே இறங்குங்கள். அதே குட்டியின் கால்தான் என்று தெரிந்தால் மட்டும் இழுங்கள். மற்றக் குட்டியை மெதுவாக உள்ளே தள்ளி வையுங்கள், அதற்கு அவசரம் இல்லை.


வெலிமடை ஐயா
ஜனவரி 5, காலை 9.30

நான் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அக்கா எழுதியதில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன். விட்டுப்போனதை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, உங்கள் தங்கை. அவர் கொட்டில் பக்கமே வரக் கூடாது, தம்பி. குட்டி போடும் ஆட்டின் தண்ணியிலும் நஞ்சுக்கொடியிலும் இருக்கும் சில கிருமிகள் கர்ப்பிணிகளுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து. கருவைக் கலைத்துவிடக்கூடியவையும் உண்டு. உங்கள் உடுப்பையும் அவர் துவைக்க வேண்டாம். நீங்களும் கையுறை போடுங்கள், பாமசியில் கிடைக்கும். கூட நிற்க அம்மாவோ பக்கத்து வீட்டு ஆளோ போதும்.

தொப்புளுக்குச் சாம்பலும் மஞ்சளும் அப்புகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அதை விட்டுவிடுங்கள். அயோடின் டிஞ்சர், 7 வீதம் என்று கேட்டு வாங்குங்கள். சின்னப் போத்தல் மூடியில் ஊற்றி, தொப்புள்கொடி முழுவதும் நனைகிற மாதிரி அதில் முக்கி எடுங்கள்.

குட்டி சீக்கிரம் வரட்டும் என்று யாராவது ஊசி வாங்கிக் கொடுத்தால் போடாதீர்கள். வாசல் திறக்காமல், குட்டி கோணலாக இருக்கும்போது அந்த ஊசி போட்டால் கருப்பையே கிழியலாம். அது வைத்தியர் உள்ளே பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டியது.

சீம்பால். ஆட்டுக்குட்டி பிறக்கும்போது அதன் உடம்பில் நோயைத் தடுக்கும் சக்தி கிட்டத்தட்ட ஒன்றும் இருக்காது. எல்லாம் சீம்பாலில்தான் வர வேண்டும். ஒரு நாள் போனால் குடல் அதை உறிஞ்சுவதை நிறுத்திவிடும். அதனால் முதல் 2 மணி நேரத்துக்குள் குடிக்க வேண்டும். 2 கிலோ குட்டிக்கு முதல் தடவை 100 மில்லிலீற்றர், முதல் நாள் முடிவதற்குள் 200க்குக் குறையாமல். காம்பு நுனியில் மெழுகு மாதிரி ஒரு அடைப்பு இருக்கும், குட்டி எவ்வளவு சப்பினாலும் வராது. இரண்டு காம்பையும் நீங்களே பீய்ச்சி அதை எடுத்துவிடுங்கள். தாயிடம் பால் இல்லாமல் போனால் என்ன செய்வது என்றும் முன்பே யோசியுங்கள். லயத்தில் யார் வீட்டிலாவது மாடு கன்று போட்டிருந்தால் அந்தச் சீம்பாலில் ஒரு போத்தல் கேட்டு பிரீசரில் வைக்கலாம். உறைந்ததை வெதுவெதுப்பான தண்ணியில் வைத்துத்தான் இளக்க வேண்டும். அடுப்பில் வைத்தால் சத்து செத்துவிடும்.

குளிர். குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் கவலை இல்லை. குளிர்ந்திருந்தால், தலையைத் தூக்க முடியாமல் கிடந்தால், அந்த வாயில் பால் ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். சாராயம், பிராந்தி எதுவும் வேண்டாம். முதலில் சூடு, பிறகு பால். ஒரு வாளியில் முழங்கை தாங்குகிற சூட்டில், 40 பாகை அளவில், தண்ணி எடுத்து, குட்டியை ஒரு பொலித்தீன் பைக்குள் கழுத்து வரை போட்டு, தலையை வெளியே பிடித்துக்கொண்டு அந்தத் தண்ணியில் இறக்குங்கள். பை எதற்கென்றால், குட்டியின் மேலுள்ள வாசம் கழுவுப்பட்டுப் போனால் தலையீற்று ஆடு குட்டியைச் சேர்க்காது. இது பிறந்து கொஞ்ச நேரமே ஆன குட்டிக்கு. 5 மணி நேரத்துக்கு மேல் பட்டினியாகக் கிடந்து விறைத்த குட்டியை வெறுமனே சூடாக்கினால் வலிப்பு வந்து இறக்கும். அதற்கு முதலில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும், வைத்தியர் வேலை.

இன்றைக்கே பகலில் அலுவலகத்துக்குப் போய் வைத்தியரிடம் விஷயத்தைச் சொல்லி நம்பர் வாங்கி வையுங்கள். பேராதனையில் கால்நடை மருத்துவ பீடத்து ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆனால் முக்குகிற ஆட்டைக் கந்தப்பளையிலிருந்து அவ்வளவு தூரம் கொண்டுபோவது கஷ்டம். கை விட்டு 15, 20 நிமிடத்தில் உங்களால் சரிசெய்ய முடியவில்லை என்றால் மேலும் துழாவாமல் போன் எடுங்கள். நீங்களே எடுத்து வெற்றியானாலும், கை உள்ளே போன ஆட்டுக்கு மருந்து தேவையா என்று அடுத்த நாள் கேளுங்கள்.


கந்தப்பளைத் தம்பி
ஜனவரி 12, காலை 7.10

கருப்பி போட்டுவிட்டாள். இரண்டு குட்டி. இரண்டும் இருக்கின்றன.

நேற்றுக் காலை வாலடி நரம்பு கையில் படவில்லை. மதியத்துக்கு மேல் தீனி தொடவில்லை. இராத்திரி 1.35க்கு முக்கத் தொடங்கினாள், கரித்துண்டால் பலகையில் எழுதினேன். 1.50க்குத் தண்ணிக்குடம். 2 மணிக்கு ஒரு குளம்பு. ஒன்றுதான். அக்கா, அந்த நேரம் உங்கள் சின்னப்பொண்ணுதான் ஞாபகம் வந்தாள். கையைக் கழுவி, கையுறை போட்டு, நுரை பூசி முழங்காலில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா டோர்ச் பிடித்தார். அடுத்த முக்கலுக்கு மற்றக் குளம்பும் வந்தது, சற்றுப் பின்னால் இருந்திருக்கிறது. மேலே மூக்கு. பாதம் தரையைப் பார்த்திருந்தது. அம்மாவிடம் “சரியாக வருகிறது, சரியாக வருகிறது” என்று எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. 2.20க்கு முதல் குட்டி, கிடா. நான் தொடவே இல்லை. சவ்வை மட்டும் துடைத்தேன். கருப்பி திரும்பி நக்கத் தொடங்கினாள். அந்தத் தொண்டைச் சத்தத்தையும் கேட்டேன்.

இரண்டாவது 20 நிமிடம் கழித்து வந்தது. பெட்டை, ரொம்பச் சின்னது, என் இரண்டு கைக்குள் அடங்கியது. கருப்பி முதல் குட்டியையே நக்கிக்கொண்டிருந்தாள், இதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் துடைத்தேன், தேய்த்தேன், ஆனால் வெளியே பனி, எவ்வளவு துடைத்தும் முடி ஈரமாகவே இருந்தது. 3.15 இருக்கும், வாயில் விரல் வைத்தேன். பீலியில் கொட்டுகிற ஊற்றுத் தண்ணியில் வைத்த மாதிரி இருந்தது. சப்பவில்லை. தலை என் கையில் தொய்ந்து கிடந்தது.

அடுப்பில் அம்மா முதலே தண்ணி வைத்திருந்தார். சீனிப் பை ஒன்றைக் கழுவி வைத்திருந்தோம், அதற்குள் போட்டு வாளியில் இறக்கினேன். தண்ணி ஆற ஆற அம்மா சுடுதண்ணி சேர்த்தார். 10 நிமிடத்துக்கு ஒன்றும் இல்லை. பிறகு காது அசைந்தது. அப்புறம் பைக்குள் கால் உதைக்கிறது எனக்குத் தெரிந்தது. எடுத்து உலர்த்தி, அப்பாவின் பழைய ஸ்வெட்டர் கையை வெட்டி மாட்டிவிட்டேன். சுடுதண்ணி போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தேன். தலையைத் தானாகத் தூக்கிய பிறகுதான் கருப்பியிடம் கொண்டுபோனேன். காம்பில் அந்த மெழுகு இரண்டிலும் இருந்தது. பீய்ச்சியதும் மஞ்சளாக, தடிப்பாக வந்தது. 4.10க்குக் குட்டி தானே பிடித்துச் சப்பியது, வால் ஆடியது. கருப்பி முதலில் முட்டித் தள்ளினாள். பிறகு முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

அப்பாவுக்குப் போன் எடுத்தேன். ஒன்றும் பேசவில்லை, “குட்டி கத்துகிற சத்தத்தைக் காட்டு” என்றார். போனைக் கொட்டிலுக்குள் நீட்டினேன்.


பொகவந்தலாவை அக்கா
ஜனவரி 12, காலை 7.25

தம்பி, அப்பா கேட்ட மாதிரி எனக்கும் கேட்க வேண்டும் போல இருக்கிறது. கருப்பிக்கு வெதுவெதுப்பான தண்ணியில் கருப்பட்டியும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கொடுங்கள், வாளியே குடிப்பாள். ஸ்வெட்டரை ஈரமானால் மாற்றுங்கள், நனைந்த துணி துணியே இல்லாததை விட மோசம். சின்னது இன்னும் 2 நாளைக்கு 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை குடிக்கிறதா என்று பாருங்கள், வயிற்றைத் தொட்டால் நிறைந்திருக்க வேண்டும். நஞ்சுக்கொடி விழுந்ததா? விழாவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள், 12 மணி நேரம் தாண்டினால் வைத்தியரிடம் சொல்லுங்கள். விழுந்திருந்தால் வெளியே எறிய வேண்டாம், இரத்த வாடைக்கு நாயும் வரும், சிறுத்தைப்புலியும் வரும். எங்கள் பக்கம் போன மாதம் லயத்து நாயைப் புலி தூக்கிக்கொண்டு போனது.


கந்தப்பளைத் தம்பி
ஜனவரி 12, காலை 7.40

5.30க்கு விழுந்தது அக்கா. முழுதாகத்தான் விழுந்தது. பேரி மரத்தடியில் 2 அடி தோண்டிப் புதைத்து, மேலே கல் வைத்தேன். கொட்டில் கதவுக்கு இரண்டாவது கொக்கி இன்றைக்குப் போடுகிறேன். இப்போது சின்னது மறுபடியும் குடிக்கிறது.